1 சங்குக்கு என்றால், 2 யாருக்கு?

கரையோரன், பருத்தித்துறை
13 செப்டெம்பர் 2024

இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள். ஒரே சீட்டில் விருப்ப வரிசைப்படி மூவருக்குவரை 1, 2, 3 என்று இலக்கம் போடலாம். எங்கள் வீட்டில் நான்கு வாக்குகள் இருக்கின்றன. மூன்று பேர் முடிவெடுத்துவிட்டார்கள், மூவரும் மூன்று பக்கம். நான்காவது என்னுடையது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. அவர் சங்கு, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னம். அரியநேத்திரன் வெல்லப்போவதில்லையே அம்மா என்றேன். “வெல்லுவார் என்றா நான் போடுகிறேன்? இத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளட்டும்” என்றார். மனைவி சிலிண்டர், ரணில் விக்கிரமசிங்கவின் சின்னம். 2022இல் வெறும் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய் விரித்து இரண்டு இரவு வரிசையில் கிடந்தவள் அவள். அந்த வரிசையை இல்லாமல் செய்தவர் ரணில், எனக்கு அது போதும் என்கிறாள். மகள் திசைகாட்டி, ஜே.வி.பி. தலைவர் அநுர குமாரவின் சின்னம். அவளுக்கு 19 வயது, இதுதான் முதல் வாக்கு.

மகளுடன்தான் பேச்சு முற்றுகிறது. நான் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். “மாறி மாறி ஆண்டவர்கள் செய்ததை உங்கள் பேரேட்டிலேயே பாருங்கள் அப்பா” என்று 2022 ஆகஸ்ட் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய மாதம் அது. படகு கடலுக்குப் போன நாளுக்கு ஒரு கோடு போடுவது வழக்கம். அந்தப் பக்கத்தில் மாத முடிவில் கோடே இல்லை. நீல மையில் பெயர்கள் மட்டும் மேலிருந்து கீழே நிற்கின்றன, எதிரே வெள்ளைக் கட்டங்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வடக்கு கிழக்கு இணைப்புக்கு எதிராக வழக்குப் போட்டவர்கள் ஜே.வி.பி.யினர் என்பதையும், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்ததையும், 2007 ஜனவரி 1 முதல் நாங்கள் இரண்டு மாகாணங்களானதையும் அவளுக்குச் சொன்னேன். “அப்போது எனக்கு ஒரு வயது. அந்தக் கோபத்தை நீங்கள் எனக்குத் தரலாம், ஆனால் அது என்னுடையதாக இராது” என்றாள். இரவு முழுவதும் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

என்னுடைய சிக்கல் வேறு. 2005 நவம்பர் 17ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல், இதே மகள் அப்போது மூன்று மாதக் குழந்தை. வாக்களிக்கப் போகக்கூடாது என்ற புலிகள் தரப்பின் சொல் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. விடிந்ததிலிருந்து தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வாக்குச்சாவடியாயிருந்த பள்ளிக்கூடத்தின் கூரை எங்கள் வேலிக்கு மேலாகத் தெரியும். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு, விறாந்தையில் மாலைவரை நடந்தேன். வாக்காளர் அட்டை மேசை லாச்சிக்குள் கிடந்தது. யாழ்ப்பாண மாவட்ட வாக்காளர் இடாப்பில் ஏழு இலட்சம் பெயர்கள். அன்று வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மகிந்த ராஜபக்ச ரணிலை 180,786 வாக்குகளால் வென்றார். அடுத்த ஆகஸ்டில் தெற்கோடு எங்களை இணைக்கும் பாதை முகமாலையில் மூடியது, பால்மாவுக்கு நான் நின்ற வரிசைகளை இங்கே எழுதத் தொடங்கினால் முடியாது. ரணில் வந்திருந்தால் யுத்தமே வந்திராது என்று நான் சொல்லவில்லை. தராசின் முள் எங்கள் கையில் இருந்தது, நாங்கள் கையை மடித்துக்கொண்டு வீட்டிலிருந்தோம். அது 19 வருடமாக என்னை விடவில்லை.

அதன்பிறகு ஒரு தேர்தலும் தவறவிடவில்லை. 2010இல் யுத்தத்தை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கே போட்டேன், கை நடுங்கியது. 2015இல் மைத்திரிபாலவுக்கு. அந்த முறை எங்கள் வாக்கு எடுபட்டது. பயம் குறைந்தது, கொஞ்சக் காணிகள் விடுபட்டன, அரசியலமைப்பு மட்டும் பேச்சோடு நின்றது. 2019இல் இங்கே நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்குப் போட்டும் கோட்டாபய 52.25 வீதத்தில் வந்தார்.

இம்முறை 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தது. அதே கட்சியின் சிறீதரன் சங்குக்காக நிற்கிறார். அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர். யாரைக் கேட்டு நடப்பது?

மூன்று கேள்விகள். சங்குக்கு 1 போட்டுவிட்டு 2 போட்டால், அந்த 1இன் பெறுமதி குறையும் என்று எங்கள் சந்தியில் சொல்கிறார்கள். உண்மையா? 2 போடுவதென்றால் சஜித்துக்கா, அநுரவுக்கா? மூன்றாவது அம்மாவைப் பற்றியது. அவருக்குக் கை நடுக்கம். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கீறிப் பழக்குகிறேன். அவர் எழுதும் 1 சிலநேரம் 7 போல வளைகிறது, சிலநேரம் கட்டத்தைத் தாண்டி அடுத்தவர் பெயருக்குள் போய்விடுகிறது. நிராகரித்துவிடுவார்களா?

ஓய்வுபெற்ற அதிபர், தென்மராட்சி
13 செப்டெம்பர் 2024

தம்பி, பல தேர்தல்களில் வாக்குச்சாவடியிலும் எண்ணும் மண்டபத்திலும் கடமை செய்தவன் நான். முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. 2 போடுவதால் 1 ஒரு துளியும் குறையாது.

முதலில் எல்லாச் சீட்டுகளிலும் 1 மட்டும்தான் எண்ணப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அத்தோடு முடிந்தது, உங்கள் 2ஐ ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே தடவையில் நீக்கப்படுவார்கள். அப்படி நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளைத்தான் மறுபடி எடுப்பார்கள். அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய கணக்கில் சேரும். 2 இட்டவரும் நீக்கப்பட்டவரானால் 3ஐப் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் சீட்டு ஒதுக்கி வைக்கப்படும். முதல் இருவருக்கு 1 போட்டவர்களின் 2 கடைசிவரை திறக்கப்படுவதே இல்லை. உங்கள் மகளும் மனைவியும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1982 முதல் இந்த முறைதான் சட்டத்தில் இருக்கிறது, இதுவரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால் நம் மக்களுக்கு இது பழக்கமில்லை. இம்முறை களத்தைப் பார்த்தால் இரண்டாம் எண்ணிக்கை வரக்கூடும் என்றே நினைக்கிறேன்.

அம்மா விஷயத்தில் நீங்கள் அவரை வருத்துகிறீர்கள். அவர் ஒருவருக்குத்தான் போடப்போகிறார் என்றால் இலக்கமே வேண்டாம், ஒரு புள்ளடி (X) போதும். புள்ளடி மட்டும் இருந்தால் அது 1 என்றே எடுக்கப்படும். நடுங்கும் கைக்கு ஒரு கோட்டைவிட இரண்டு கோடு வெட்டுவது சுலபம், கட்டத்துக்குள் நிறுத்தவும் முடியும். புள்ளடியையும் இலக்கங்களையும் மட்டும் ஒரே சீட்டில் கலக்கவேண்டாம். 39 பெயர் உள்ள நீண்ட சீட்டு அது, கைக்குள் அடங்காது. மேசையில் முழுவதுமாக விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போடச் சொல்லுங்கள். மடித்துப் பிடித்துக்கொண்டு போட்டால்தான் கோடு அடுத்த கட்டத்துக்குள் ஓடும்.

மண்டபத்தில் வேட்பாளர்களின் முகவர்கள் சுற்றி நிற்பார்கள். சந்தேகமான சீட்டு ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டித்தான் முடிவு சொல்லுவோம். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி, கையெழுத்து அழகு யாருக்கும் தேவையில்லை.

உங்கள் 2 யாருக்கு என்று நான் சொல்லமாட்டேன். கடமை செய்தவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வலிகாமத்தான்
14 செப்டெம்பர் 2024

கரையோரன் அண்ணா, நான் இம்முறை போகப்போவதில்லை. 2005ஐ வைத்து என்னை எடைபோடாதீர்கள். அன்று உங்களைப் போகவிடவில்லை. இன்று நான் போகாமல் இருப்பது என் தீர்மானம், தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி கேட்பதும் இதைத்தான். ஒற்றையாட்சி அரசியலமைப்பைக் காக்கச் சத்தியம் செய்யும் பதவிக்கு ஆள் தேடும் வேலையில் நான் ஏன் பங்கெடுக்க வேண்டும்? மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் வந்து 37 வருடம். வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் இதே செப்டெம்பர் 21ஆம் திகதி, 2013இல். 2018இல் காலம் முடிந்தது, அதன்பின் தேர்தல் இல்லை. சட்டத்தில் உள்ளதையே தராதவர்களுக்கு 1 என்ன, 2 என்ன?

அம்மாவின் வார்த்தையை மட்டும் மதிக்கிறேன். எண்ணி வைத்துக்கொள்ளட்டும் என்றாரே, அந்த ஒரு காரணத்துக்காக வேண்டுமானால் சங்கைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஹட்டன் ஆசிரியை
14 செப்டெம்பர் 2024

அண்ணா, இந்தப் பேச்சில் ‘தமிழர்’ என்ற சொல் வரும்போதெல்லாம் நாங்கள் வெளியில் நிற்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. குறையாகச் சொல்லவில்லை, மலையகத்திலிருந்து பார்த்தால் சீட்டு வேறு மாதிரித் தெரிகிறது என்று சொல்ல வந்தேன். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, இங்கே பிறந்த என் தாத்தா நாடற்றவராக இறந்தார். வாக்கு என்ற ஒன்று எங்கள் குடும்பத்துக்கு அம்மாவின் காலத்தில்தான் வந்தது. ஆகவே பகிஷ்கரிப்பு என்ற சொல்லை என்னால் இலேசாக எடுக்கமுடியாது.

நான் திசைகாட்டிக்குத்தான் 1. கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. ஜே.வி.பி. தன் ஆரம்பகால ஐந்து வகுப்புகளில் ஒன்றை ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று நடத்தியது. அந்த விஸ்தரிப்பின் கருவியாக எங்களைத்தான் காட்டினார்கள், கொழுந்து பறிக்கும் பெண்களை. என் பாட்டி அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள்? இது தெரிந்தேதான் போடுகிறேன். ஏனென்றால் மற்ற இரண்டு பக்கமும் எங்கள் தொழிற்சங்கத் தலைவர்களோடு பேசி முடித்துக்கொள்கின்றன. 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்று இந்த வருடம் மே தினத்தில் அறிவித்தார்கள். மே தினத்தில் கைதட்டிய என் மாணவியின் தாய் இன்றும் பழைய சம்பளத்துக்குத்தான் கூடையைச் சுமக்கிறாள். தலைவர்கள் மூலமாக இல்லாமல் நேரே தோட்டத்து லய வீட்டு வாசலுக்கு வந்து பேசியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

உங்கள் மகள் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்குப் பழையது தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தெரிந்தும் போடுகிறவர்கள் இருக்கிறோம்.

மட்டுநகர் வாசகன்
15 செப்டெம்பர் 2024

அரியநேத்திரன் எங்கள் மாவட்டத்தவர், நாடாளுமன்றத்திலும் இருந்தவர். ஆனாலும் இங்கே சங்கு பற்றிய பேச்சு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அளவுக்கு இல்லை. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் நிற்கிறோம். தமிழருக்கென்று ஒரு வேட்பாளர் என்றால், அடுத்த கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு சஜித்தின் தொலைபேசிதான் 1. உங்களுக்கு 2 ஆக இருந்தாலும் அதையே போடுங்கள் என்று கேட்பேன்.

கரையோரன், பருத்தித்துறை
26 செப்டெம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

காலை ஏழு மணிக்கே நால்வரும் ஒன்றாகப் போனோம். அதே பள்ளிக்கூடம்தான். அதிபர் ஐயா சொன்னபடி அம்மா சீட்டை மேசையில் விரித்து, முழங்கையை ஊன்றி, இரண்டு கோடு வெட்டிவிட்டு வந்தார். அவர் மறைப்புக்குள் இருந்த நேரம் முழுவதும் நான் வாசலில் நின்றேன், இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்ததும் “கட்டத்துக்குள்தான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சங்குக்கு 1 போட்டேன். 2 சஜித்துக்கு. ஆசிரியைத் தங்கைக்கு இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன், மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் 13ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்று தென்னிலங்கையிலும் வாய்திறந்து சொன்னவர் அவர். 2006 வழக்குக்கு வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லாவது திசைகாட்டியிடமிருந்து வந்திருந்தால் என் கை வேறு கட்டத்துக்குப் போயிருக்கும். வரவில்லை. வலிகாமத்துத் தம்பி, உங்கள் வழியில் என்னால் வரமுடியாது. எந்தக் காரணத்துக்காகவும் இன்னொரு நாள் அந்த விறாந்தையில் நடக்க எனக்குத் தெம்பில்லை.

21 இரவு பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள், மறுநாள் மதியம்வரை நீடித்தது. நால்வரும் வீட்டுக்குள் வானொலியைச் சுற்றி இருந்தோம். எங்கள் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. எங்கள் வீட்டைப் போலவே மாவட்டமும் பிரிந்து கிடந்தது. நாடு முழுவதும் சேர்த்து அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76 வீதம். பாதியை ஒருவரும் தொடவில்லை. இரண்டாம் விருப்பு எண்ணப்படும் என்று அறிவித்தபோது அதிபர் ஐயாவைத்தான் நினைத்தேன்.

அந்த எண்ணிக்கை முடிய மாலையானது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் தாளில் போட்டுப் பார்த்தேன். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குகள் 3,321,666. அவற்றிலிருந்து முதல் இருவருக்கும் சேர்ந்தவை, அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867, மொத்தம் 273,131. நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, அம்மாவினதும் அவற்றில் ஒன்று. மனைவியும் 1 மட்டும்தான் போட்டிருக்கிறாள். அந்த 167,867இல் ஒன்று என்னுடையது. ஆட்டத்தை அது மாற்றவில்லை, அநுரதான் வென்றார். ஆனாலும் அந்த இலக்கத்துக்குள் நான் இருக்கிறேன்.

அம்மாவிடம் வேறொரு இலக்கத்தை வாசித்துக் காட்டினேன். நாடு முழுவதும் சங்குக்கு 226,343. எழுத்தில் காட்டு என்றார். தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மடித்துத் தன் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மகள் சத்தம்போட்டுக் கொண்டாடவில்லை. 23ஆம் திகதி பதவியேற்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து இருந்து, “மாகாண சபைத் தேர்தலை வைக்காவிட்டால் நானும் கேட்பேன் அப்பா” என்றாள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது புதிய வேலை வந்திருக்கிறது. நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள், நவம்பர் 14 பொதுத் தேர்தல், யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இம்முறை ஆறு ஆசனம். அதில் முறை தலைகீழ்: முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர்வரை அவரவர் விருப்பு இலக்கத்தின் மேல் புள்ளடி. கலக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு இதைப் புதிதாகப் பழக்கவேண்டும். விருப்பு இலக்கக் கட்டங்கள் இன்னும் சிறியவை. அதிபர் ஐயா, அந்தச் சீட்டின் அளவையும் கட்டங்களின் அளவையும் கொஞ்சம் எழுதிவிடுங்கள். அதே அளவில் கலண்டர் தாளில் கீறிக்கொள்கிறேன்.